அடுப்புக்கு விறகு யார் போடுவது?

‘மதம் தோல், ஆன்மிகம் பழம். தோலை எறிந்துவிட்டுப் பழத்தைத் தின்னுங்கள்’ என்று எழுதியிருக்கிறார் ஒரு கட்டுரையாளர். கட்டுரை நீளமானது, சரக்கு இவ்வளவுதான். தோலே இல்லாமல் காய்த்துப் பழுத்த வாழையை அவர் எந்தத் தோப்பில் பார்த்தாரோ தெரியவில்லை. தின்கிற நேரத்தில் உரிக்கலாம். காயாக இருக்கும்போதே உரித்தால் என்ன மிஞ்சும் என்று வாழை வைத்திருக்கும் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உவமையோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் சாட்சிக்கு ஆள் கூப்பிடுகிறார். சித்தர்கள், வள்ளலார், விபாசனா, ஓஷோ என்று ஒரே வரிசையில் நிற்க வைத்து, இவர்கள் எல்லோரும் மதத்தை உதறிவிட்டு ஆன்மிகத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டவர்கள் என்கிறார். கூண்டில் ஏற்றிவிட்டார் அல்லவா, குறுக்கு விசாரணையும் நடக்கட்டும்.

முதலில் வள்ளலார். கட்டுரையின் பாதிப் பாரம் அவர் தோளில்தான் இருக்கிறது. சாதி, சமயம், மதம் மூன்றையும் அவர் தள்ளினார். வேத ஆகமங்களில் மனம் வைக்க வேண்டாம் என்றார். தமக்கே முன்பு சைவத்தில் எவ்வளவு பற்று இருந்தது என்பதையும் 1873 அக்டோபரில் ஆற்றிய பேருபதேசத்தில் மறைக்காமல் சொன்னார். இதிலெல்லாம் எனக்கு வழக்கு இல்லை. தள்ளிய பிறகு என்ன செய்தார் என்ற இடம் வரும்போதுதான் கட்டுரையாளர் கண்ணை மூடிக்கொள்கிறார். தியானத்துக்காக இருக்கலாம்.

1865இல் சன்மார்க்கச் சங்கம் வைத்தார். 1867 மே 23இல் வடலூரில் பசித்தவர்களுக்குச் சோறு போடத் தருமச்சாலை திறந்தார். 1872 தைப்பூசத்தில் சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கிற்று. எண்கோணக் கட்டடம், ஏழு திரைகள், திரைக்கொரு நிறம், திரைகளுக்குப் பின்னால் சோதி. அதே ஆண்டில் சபை எப்படி நடக்க வேண்டும் என்று விதிகளும் எழுதி வைத்தார். விளக்கு வைக்க உள்ளே போகிறவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டு வயதைக் கடந்தவராகவோ இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு நுணுக்கமான விதிகள். கொலையும் புலாலும் விட்டவர்களுக்கு உள்ளே இடம். விடாதவர்கள் வெளியே நின்று வணங்கலாம். அடுத்த ஆண்டு மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடியும் ஏற்றினார். சங்கம், சாலை, சபை, விதி, கொடி, மகாமந்திரம். ‘எந்த அமைப்புக்குள்ளும் அடங்காத தனிமனித அனுபவம்’ என்று கட்டுரையாளர் உருகுவது இந்த மனிதரைப் பற்றித்தானா? அவர் ஒரு வீட்டைக் காலி செய்தது உண்மை. பிறகு தெருவில் நிற்கவில்லை. இன்னொரு வீட்டைக் கட்டினார், வாசல் எங்கே, பூட்டு எங்கே என்பது உட்பட.

இந்த விதிகளெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்தச் சபைக்குப் பின்னாளில் நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தச் சடங்கு வேண்டாம் என்றாரோ அதே சடங்கு ஞானசபைக்குள் நுழைந்தது. சிவலிங்கம் வந்தது, ஆகம முறைப் பூசை வந்தது. சன்மார்க்க அன்பர்கள் சும்மா இருக்கவில்லை. அறநிலையத் துறையிடம் முறையிட்டார்கள். வள்ளலார் வகுத்த முறைப்படிதான் வழிபாடு நடக்க வேண்டும் என்று 2006இல் உத்தரவு வந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், அங்கும் அதுவே நிலைத்தது. எதைக் காட்டி வென்றார்கள்? தங்கள் உள்ளொளியையா? 1872இல் மை தொட்டு எழுதிய விதிகளைக் காட்டித்தான் வென்றார்கள். சடங்கை எதிர்த்தவரின் கொள்கையைச் சடங்கிடமிருந்து காப்பாற்றியது ஓர் அமைப்பின் சட்டதிட்டம். கட்டுரையாளரின் கோட்பாட்டில் இந்த உண்மை உட்கார இடமே கிடையாது.

தருமச்சாலை அடுப்பையும் சொல்ல வேண்டும். மூட்டியவர் 1874 சனவரியில் அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அடுப்பு இன்னும் எரிகிறது. அதை எரிய வைப்பது யாருடைய சமாதி நிலையும் அல்ல, விறகு. மூட்டை மூட்டையாக அரிசி கொண்டுவந்து இறக்குகிறவர்கள், விடியுமுன் காய் நறுக்க உட்காருகிறவர்கள், சாலைக்கும் சபைக்கும் தங்கள் நிலத்தை எழுதிக் கொடுத்த பார்வதிபுரத்துக்காரர்கள், கணக்கெழுதுகிறவர்கள், கணக்கில் சண்டை போடுகிறவர்கள் என்று ஒரு கூட்டமே தலைமுறை தலைமுறையாக அதற்குப் பின்னால் நிற்கிறது. மோட்ச வீட்டுக்குத் திறவுகோல் சீவகாருணியம் என்றார் வள்ளலார். பக்கத்தில் இருப்பவன் வயிறு காய்ந்திருக்க, உள்ளே சோதி தெரியும் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கட்டுரையாளரின் ஆன்மிகத்திலோ இன்னொருவன் வயிறு எங்குமே வருவதில்லை. முதலிலிருந்து முடிவு வரை ‘நான்’, ‘என் அனுபவம்’, ‘என் அமைதி’. இதற்கு வள்ளலார் சாட்சியாம்.

சித்தர்களை நீட்டி விசாரிக்கத் தேவையில்லை. உடம்பே கோயில் என்கிற திருமூலரை மட்டும் அவர் எடுத்துக்கொள்கிறார். அதே திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் ‘திருக்கோயில் இழிவு’ என்று ஒரு பகுதி இருக்கிறது. கோயிலில் இருக்கும் இலிங்கத்தைப் பெயர்த்தால் அரசுக்கே கேடு என்று எச்சரிக்கிற பகுதி. பக்கத்தைப் புரட்டினால் கண்ணில் படும். அந்த நூல் இவர் கைக்கு எப்படி வந்தது என்றும் யோசிக்கலாம். பத்தாம் திருமுறையாக வைத்து ஓதியவர்களும், ஓலை செல்லரிக்கும்போது புது ஓலையில் பெயர்த்தெழுதியவர்களும், மடத்து அறைகளில் அடுக்கிப் பாதுகாத்தவர்களும் சைவ சமயத்துக்காரர்கள். அவர்களைத் ‘தோல்’ என்கிறார்.

விபாசனாவை ‘மதமே இல்லாத தூய அறிவியல்’ என்று அழைக்கிறார். பத்து நாள் முகாமுக்கு ஒருமுறை போய்விட்டு வந்து எழுதட்டும். பஞ்சசீலம் ஏற்காமல் உள்ளே உட்கார முடியாது. புத்தம், தம்மம், சங்கம் என்று மும்மணிகளிடம் சரணம் சொல்லித்தான் பயிற்சி தொடங்கும், அதுவும் பாலி மொழியில். 1969இல் இந்தியாவில் முகாம் நடத்தத் தொடங்கிய கோயங்கா இதை மதமல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்தான். ஆனாலும் தம் பரம்பரையை அவர் ஒளிக்கவில்லை. குரு ஊ பா கின், அவருக்குக் குரு சயா தெட்ஜி, அவருக்கும் மேலே லெடி சயாடோ. 1885இல் பிரிட்டிஷ்காரர்கள் பர்மாவின் மண்டலேயைப் பிடித்து அரசனை நாடு கடத்தினார்கள். சங்கத்தைத் தாங்க அரசன் இல்லை, புத்த சாசனம் அழிந்துவிடுமோ என்ற பயம் பர்மா முழுக்கப் பரவிற்று. அந்தப் பயத்தில்தான் லெடி சயாடோ போன்ற பிக்குகள் அபிதம்மத்தையும் தியானத்தையும் சாதாரண வீட்டுக்காரர்களிடம் பரவலாகக் கொண்டுபோனார்கள். இன்று மென்பொருள் நிறுவன ஊழியர் விடுப்பெடுத்துக்கொண்டு போய் மூச்சைக் கவனிக்க முடிகிறதென்றால், தன் மதம் செத்துவிடக் கூடாது என்று ஒரு பிக்கு பட்ட கவலையும் அதற்குக் காரணம்.

கட்டுரையின் பலமான இடம் ஒன்று உண்டு. மதத்தின் பெயரால் ரத்தம் சிந்தியிருக்கிறது, சாதி காக்கப்பட்டிருக்கிறது என்கிறார். சிந்தியிருக்கிறது, காக்கப்பட்டிருக்கிறது. ஒரு வரியும் நான் மறுக்க மாட்டேன். இன்னும் இரண்டு வரி சேர்த்தே தருவேன். அடுத்து, ‘ஆன்மிகம் யாரையும் காயப்படுத்தியதில்லை’ என்று ஒரு போடு போடுகிறார், அதற்கு ஓஷோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரஜ்னீஷ்புரம் என்றொரு ஊர் இருந்தது. ரஜ்னீஷ் என்ற பெயரில் மதங்களையெல்லாம் கிண்டலடித்த ஓஷோவின் சீடர்கள் கட்டியது. 1984இல் அந்த மாவட்டத் தேர்தலைத் தங்கள் பக்கம் திருப்புவதற்காக, தி டாலஸ் என்ற ஊரின் உணவகங்களில் காய்கறிக் கலவைகளில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் நோயில் விழுந்தார்கள். ஆசிரமத் தலைமையே திட்டமிட்டுச் செய்தது அது. ஓஷோவின் செயலாளராக இருந்த ஷீலா சிறைக்குப் போனார். வேடிக்கை என்னவென்றால், 1983இல் அதே ஆசிரமம் ‘ரஜ்னீஷிசம்’ என்ற தலைப்பிலேயே நூல் போட்டு அதை மதமாகவே அறிவித்திருந்தது. 1985இல் ஷீலா ஓடிய பிறகு அந்த மதம் ஒழிந்தது என்று ஓஷோ அறிவிக்க, பிரதிகளை அடுக்கிக் கொளுத்தினார்கள். மதம் வேண்டாம் என்றவரைச் சுற்றி மதம் முளைத்தது. அதைக் கேள்வி கேட்க மரபு இல்லை, மாற்றுக் குரு இல்லை, பழைய நூல் இல்லை. பழைய மதங்களுக்குள் குறைந்தபட்சம் எதிர்த்துப் பேசுகிறவனுக்கு மேற்கோள் கிடைக்கும்.

சாதியைப் பற்றியும் இதே கதைதான். நாராயண குரு 1888இல் அருவிப்புரத்தில் என்ன செய்தார்? ‘கோயில் வேண்டாம், உள்ளே பாருங்கள்’ என்று ஈழவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. யாருக்கு உரிமை இல்லை என்றார்களோ அந்தக் கையால் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். அவருக்கு முன்பே சாமித்தோப்பில் ஐயா வைகுண்டர், தலைப்பாகை கட்டக் கூடாது என்று அடக்கப்பட்டிருந்தவர்களைத் தலைப்பாகையோடு கண்ணாடி முன் நின்று வழிபடச் செய்தார். எல்லோரையும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க வைத்தார். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் போட்டது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததற்காக அல்ல. இன்னொரு பக்கம் பெரியார் மதத்தை நேரே நின்று எதிர்த்தார். அதிலும் நேர்மை இருந்தது. உள்ளே நின்று போராடவும் மாட்டேன், வெளியே நின்று எதிர்க்கவும் மாட்டேன், ஆனால் விளைந்ததில் எனக்கு வேண்டியதைப் பறித்துக்கொள்வேன் என்பது மூன்றாவது வகை. கருவறைக் கதவு திறந்த எந்த ஊரிலும் இந்த மூன்றாவது வகையினரைக் கண்டதாகத் தகவல் இல்லை.

கட்டுரையின் முடிவில் இளைஞர்களுக்கு அறிவுரை சொல்கிறார். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகிற நேரத்தில் இருபது நிமிடம் அறைக்குள் அமைதியாக உட்காரச் சொல்கிறார். தாராளமாக உட்காரட்டும், உடம்புக்கும் நல்லது. அந்த அறைச் சுவரில் வள்ளலார் படத்தை மட்டும் மாட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.