இளங்குதிரையின் மேல் ஏற்றிய பழி

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலுள்ள மாட்டுப் பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றிப்போன அபிப்பிராயம் ஒன்று உண்டு. இளங்குதிரை எந்த க்ஷணத்தில் என்ன செய்யும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடியாது. முரட்டுத்தனம் அதன் சுபாவம். ஆகையால் முதல் நாளிலேயே பலாத்காரத்தால் அதன் அகங்காரத்தை ஒடுக்கினாலொழிய அது மனிதனுக்கு அடங்காது என்பதே அது. இந்த அபிப்பிராயம் பொய்யானது என்பதோடு நில்லாமல், எந்த அபாயத்தைத் தடுப்பதாகச் சொல்லுகிறதோ அதே அபாயத்தைத் தானே விளைவிப்பதும் ஆகும்.

பழைய முறை இதுதான். மனிதர் கைபடாமல் மேய்ச்சல் நிலத்தில் திரிந்து வளர்ந்த குதிரையைப் பட்டிக்குள் ஓட்டிவந்து, சுருக்குக் கயிறு வீசிப் பிடித்து, கம்பத்தில் கட்டி, கண்ணைத் துணியால் மூடி, சேணத்தை இறுக்கி ஒருவன் ஏறிக்கொள்வான். கண்கட்டை அவிழ்த்ததும் அது துள்ளித் துள்ளி, வியர்வையில் நனைந்து, கால் தளர்ந்து நிற்கும்வரை இறங்கமாட்டான். தலைக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவர்களுக்குப் பொறுமை கட்டுப்படியாகவில்லை. முடிவில், தப்ப வழியில்லை என்று நிராசையடைந்து தலைகவிழ்ந்த அந்த ஜீவனைக் காட்டிப் பணிந்துவிட்டதென்று மார்தட்டினார்கள்.

குதிரை, வேட்டை மிருகங்களுக்கு இரையாகாமல் ஓடித் தப்பியே லட்சக்கணக்கான ஆண்டுகள் பிழைத்து வந்த பிராணி. பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டி தாயோடு ஓடத் தொடங்கிவிடுகிறது. தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறக்குறைய 350 பாகை சுற்றளவைப் பார்க்கும் அதற்கு, நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும்தான் பார்வை எட்டுவதில்லை. அப்படிப்பட்ட பிராணியின் முதுகில், சிங்கம் பாய்ந்து பற்றும் அதே இடத்தில், ஒரு பாரம் வந்து அமர்ந்தால் அது மிரளாமல் என்ன செய்யும்? மிரளுவதற்கு முன்பேனும் அது மௌனமாயிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. காது திரும்புகிறது, நாசி இறுகுகிறது, தலை உயர்கிறது, வால் ஒடுங்குகிறது, சேணத்தின் கீழ் முதுகு விறைத்து மேலெழும்புகிறது. இத்தனை அறிவிப்புகளையும் கவனியாதவனே, குதிரை திடீரென்று துள்ளியது என்று முறையிடுகிறான்.

கவனிப்பதில் குதிரை நம்மினும் மேம்பட்டது என்பதற்கு ஜெர்மனியில் ஒரு சான்று உண்டு. கணக்குக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லி பெர்லின் நகரத்தை வியக்கவைத்த ஹான்ஸ் என்னும் குதிரையைப் பரீட்சித்து, 1907-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்ட ஆஸ்கர் ஃபூங்ஸ்ட், கேட்பவர் தம்மை அறியாமல் செய்த மிக நுண்ணிய தலையசைவைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தியது என்று நிரூபித்தார். நாம் அறியாமல் செய்யும் அசைவையும் படித்துவிடும் பிராணியை விளங்காத ஜந்து என்று தூற்றுவது எவ்வளவு அநியாயம்!

பண்ணைக்காரர் ஓர் ஆட்சேபம் கூறுவர்: சுமார் ஐந்நூறு கிலோ எடையுள்ள பிராணியிடம் தயை காட்டினால் உயிருக்கே மோசம் வரும் என்பர். அபாயம் மெய்தான். ஆனால் அடித்து அடக்கிய பயம் அழிந்துபோவதில்லை. அது மறைந்திருந்து, மாடு துரத்தும் செங்குத்தான சரிவிலே ஒருநாள் வெடிக்கிறது. எச்சரித்ததற்கெல்லாம் தண்டிக்கப்பட்ட குதிரை எச்சரிப்பதையே விட்டுவிடுகிறது. மெய்யாகவே முன்னறிய முடியாத குதிரை அப்பொழுதுதான் உருவாகிறது.

மாற்று வழி புதியதன்று. கோபத்தோடு குதிரையை நெருங்கலாகாதென்று கிரேக்கராகிய ஸெனஃபன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். கலிபோர்னியாவின் ஸ்பானிய மரபு மேய்ப்பர்கள், வாயில் இரும்புக் கடிவாளம் இடுமுன், மூக்கின்மேல் பொருந்தும் பின்னிய தோல்வளையத்தைக் கொண்டே நெடுங்காலம் பழக்கினார்கள். ஓரிகனில் 1910-இல் பிறந்த டாம் டாரன்ஸும், அவரிடம் கற்ற ரே ஹண்டும், கயிற்றை இழுப்பதால் அன்றி, குதிரை சிறிதே இணங்கிய அந்த க்ஷணத்தில் கயிற்றைத் தளர்த்துவதாலேயே அது கற்கிறது என்பதைப் பண்ணைதோறும் செய்து காட்டினார்கள்.

ஆகவே, இளங்குதிரையைப் பழக்க முன்வருவோர் முதலில் தம் கண்களைப் பழக்கிக்கொள்ளட்டும். கை தளர்த்தவேண்டிய தருணத்தை அறியட்டும். அந்தப் பயிற்சியை ஏற்க மனமில்லாதவர்களுக்குக் குதிரையின் மேல் ஏற உரிமையில்லை.