பனியில் பொங்கும் பணிஸ்

‘ஒரு மணி நேரத்தில் வீட்டிலேயே பணிஸ்’ என்கின்றன செய்முறைகள். அதை நம்பி நுவரெலியாவில் மாவைக் குழைத்து வைத்தவர் ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால் மா வைத்தபடியே கிடக்கும். நமக்குக் கைராசி இல்லை என்று பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். குற்றம் கையில் இல்லை. அந்த ஒரு மணி நேரம் கொழும்புக் குசினியின் 28, 30 பாகைச் சூட்டுக்குப் போட்ட கணக்கு. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி 16 பாகைதான். ஈஸ்ட் உயிருள்ள பொருள். இந்தக் குளிரில் அது சாகாது, ஆற அமர வேலை செய்யும். குளிரோடு மல்லுக்கட்டாமல் அதையே வேலைக்கு அமர்த்திக்கொள்வதுதான் மலையகத்தில் புதிதாகப் பணிஸ் சுடுபவருக்கு ஏற்ற வழி என்பேன்.

உயரமான இடத்தில் காற்றழுத்தம் குறைவு, மா சீக்கிரமே பொங்கிவிடும், ஆகவே ஈஸ்ட்டைக் குறைக்க வேண்டும் என்று அமெரிக்கச் சமையல் நூல்கள் சொல்கின்றனவே என்று கேட்கலாம். அழுத்தக் கணக்கு சரிதான். ஆனால் அந்த நூல்கள் மனத்தில் வைத்திருப்பது சுமார் 1,600 மீற்றர் உயரத்து டென்வர் போன்ற நகரங்களின் வீடுகளை. அங்கே வெளியில் பனி கொட்டினாலும் உள்ளே வெப்பமூட்டி ஓடும். தேயிலைத் தோட்டத்து லயக் காம்பராவில் ஏது வெப்பமூட்டி? உயரம் மாவைத் தூக்குவதைவிடக் குளிர் அதை அமுக்குவதே இங்கு அதிகம். சரி, ஈஸ்ட்டை இரட்டிப்பாகப் போட்டுவிட்டால் என்ன? பொங்கும். கூடவே புளித்த வாடையும் வரும்.

ஆகவே அளவைக் கூட்டாமல் நேரத்தைக் கூட்டுங்கள். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்குப் போகுமுன் அரைக் கிலோ கோதுமை மா, அரைத் தேக்கரண்டி உடனடி ஈஸ்ட், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, 40 கிராம் சீனி, 40 கிராம் மாஜரின், 300 மில்லிலீற்றர் இளஞ்சூட்டு நீர் எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடம் குழைத்து மூடிவிடலாம். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைக் கொட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. பணிஸ் கல்லாவது அதனால்தான். கொழுந்து நிறுத்துவிட்டு மாலையில் திரும்பும்போது மா இரண்டு மடங்காகியிருக்கும். பன்னிரண்டு உருண்டை பிடித்து, அடுப்போரக் கதகதப்பில் வையுங்கள். விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். குழி சட்டென்று மறைந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், மெதுவாக எழும்பினால் சுடலாம். கடிகாரம் இதில் சாட்சி சொல்லாது. பொழுது நீண்டதுதான், ஆனால் கைவேலை அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை. மலையிலும் வீட்டிலுமாக இரண்டு ஷிஃப்ட் உழைக்கும் பெண்ணுக்கு அதைத்தான் ‘விரைவு’ என்று சொல்ல வேண்டும்.

இதற்கு அவண் வேண்டாமா என்பார்கள். அடிகனத்த சட்டியில் அரை அங்குலம் மணல் பரப்பி, மேலே ஒரு வளையம், அதன்மேல் தட்டு. கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறு எரிந்து தணிந்த தணலைச் சட்டிக்குக் கீழும் மூடிக்கு மேலும் இட்டால் அதுவே அவண். மேல்தணல் இல்லாவிட்டால் பணிஸ் வெந்தாலும் சிவக்காது. ரொட்டி பதினைந்து நிமிடத்தில் ஆகிவிடுமே என்பதை மறுக்க முடியாது. காலை அவசரத்தில் ரொட்டியை வெல்ல எதுவுமில்லை. கடையில் வாங்கலாமே என்றால், பீத்தோவன் மெட்டோடு வரும் பாண் ஆட்டோ தார்ச்சாலையோடு திரும்பிவிடும், தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கு லயத்துக்கு ஏறாது. துரை பங்களாவில் இரவுச் சாப்பாட்டு மேசைக்கு ரோல் சுட்ட குசினியும், லயத்தில் ரொட்டி தட்டிய அடுப்பும் புழங்கியது ஒரே கோதுமை மாவைத்தான். ரோல் மட்டும் பங்களாவுக்கு உரியது என்று யார் எழுதி வைத்தார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை செய்து பாருங்கள். சட்டியை ஏற்றியபின் முதல் பதினைந்து நிமிடத்துக்கு மட்டும் மூடியைத் திறக்காதீர்கள்.