பழைய நகரில் ஒரு சிறு வீடு

புதுச்சேரியில் ஒரு வீடு வேண்டும் என்னும் அவா நம் அங்கத்தினர் பலருக்கு உண்டு. தறியை மகனிடம் ஒப்படைத்துவிட்ட முதியவருக்கும், நகரில் வேலை பார்க்கும் மகளுக்குத் துணையாக வந்து தங்க விரும்பும் விவசாயிக்கும் ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும் உள்ள சிறு வீடே போதுமானது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கேயுள்ள பழைய தமிழர் வீதிகளில் அது கிடைக்குமாயின் கோயிலும் அங்காடியும் நடந்து செல்லும் தொலைவிலிருக்கும். ஆனால் அவ்வீதிகளின் விலை எளியவர் கைக்கு எட்டுவதில்லை. தனி ஒருவருக்கு எட்டாதது கூட்டுறவுக்கு எட்டுமா என்பதே நம் கேள்வி.

திண்ணை, தாழ்வாரம், முற்றம் என அமைந்த இவ்வீடுகள் கூட்டுக் குடும்பத்திற்கென எழுந்தவை. குடும்பம் பிரிந்து, வாரிசுகள் சென்னையிலும் பிரான்சிலும் வாழும் இக்காலத்தில் பல வீடுகள் பழுதுபார்ப்பாரின்றிச் சிதைகின்றன. சில விடுதிகளாக மாறுகின்றன. 2014 நவம்பரில் கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடமே மழையில் இடிந்து வீழ்ந்தது. அரசு அதனைப் பழைய வடிவிலேயே எழுப்பி 2021இல் திறந்தது. எளியவர் வீட்டை அவ்வாறு எழுப்பித் தருவார் யார்? வைசியாள் வீதியின் சீரமைப்பு 2008இல் யுனெஸ்கோ விருது பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. எனினும் முகப்பு அழகுபெற்றால் மட்டும் போதாது. உள்ளே குடியிருப்போரும் வேண்டும்.

இதற்கு முன்னோர் காட்டிய வழி உண்டு. 1915இல் பம்பாய் காம்தேவியில் தல்மாகி அவர்களின் முயற்சியால் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் தோன்றியது. கட்டடம் சங்கத்தின் உடைமை. அங்கத்தினர் பங்குகளை வாங்கிக் குடியிருக்கும் உரிமை பெற்றனர். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் 1927இல் ஆடைத் தொழிலாளர் சங்கத்தினர் இம்முறையிலேயே தமக்குக் குடியிருப்பு அமைத்தனர். விட்டுச் செல்வோர் தம் பங்கைக் கொள்ளை விலைக்கு விற்க அங்கே இடமில்லை.

‘தனிப் பத்திரம் இல்லையேல் அது சொந்த வீடாகுமா?’ எனச் சிலர் வினவுவர். முற்றத்தை ஆறு பத்திரங்களாகக் கிழித்தால் ஒருவருக்கும் முற்றம் இராது. சங்கத்தின் பெயரில் ஒரே பத்திரம் இருப்பின், வாரிசுக்குப் பங்கு சென்றாலும் வீடு துண்டாவதில்லை. எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கே என்பதால் பணமுடையார் ஆதிக்கத்திற்கும் இடமில்லை.

ஆயினும், சங்கக் கணக்குகளை ஆய்வு செய்யும் நாம் ஓர் எச்சரிக்கையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். பழைய வீட்டின் உண்மையான விலை, வாங்கும் நாளில் கொடுப்பதோடு முடிவதில்லை. மர உத்திரங்களின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பிட்ட தளத்தில் நீர் கசிந்தால் முதலில் உளுத்துப்போவது உத்திரமே. சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை அரிக்கும். தெரிந்த கொத்தனாரைக் கொண்டு காலத்தில் பழுதுபார்ப்பதே சிக்கனம். மேல்தளம் ஒழுகினால் அது மேல்வீட்டார் கவலை என்று கீழ்வீட்டார் இருந்துவிட்டால் இருவர் வீடும் போகும்.

ஆகவே பணம் கட்டுமுன் துணைவிதிகளைப் படியுங்கள். பழுதுபார்ப்பு நிதி தனியே வைக்கப்பட்டுள்ளதா? கூரைக்குப் பொறுப்பாளர் யார்? விலகுவோர் பங்கை எவ்விலைக்குச் சங்கம் திரும்பப் பெறும்? கணக்கு ஆண்டுதோறும் தணிக்கையாகிப் பொதுப்பேரவை முன் வைக்கப்படுகிறதா? ஆறு குடும்பங்கள் மாதம் ஐந்நூறு ரூபாய் வீதம் செலுத்தினால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் சேரும். அத்தொகையை வீண் செலவென்று மறுப்பவர் பழைய வீட்டில் பங்கு வாங்காதிருப்பதே அவருக்கும் அண்டை வீட்டாருக்கும் நன்று.

நூலுக்கும் விதைக்கும் சங்கம் கண்ட நம்மவர் கூரைக்கும் சங்கம் காண இயலும். 1972ஆம் ஆண்டின் புதுச்சேரிக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் நம் கையிலிருக்கிறது. ஒரு வீதியில் ஒரு வீட்டையேனும் ஆறு குடும்பங்கள் சேர்ந்து எடுத்து நடத்திக் காட்டட்டும். பழைய நகரம் பார்க்க வருவோருக்கு மட்டுமன்றி, உழைப்போர் வாழ்வதற்கும் உரியதாகட்டும்.