ஓரியின் மலையில் ஒரு ஜாஸ் இரவு

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறியிருந்தோம். தற்போது கேட்டுக்கொண்டிருக்கும் ஜாஸ் இசைத்தொகுப்பை இரவில் ஒவ்வொருவரும் பகிர்வது என்று ஏற்பாடு. முதல் சுற்றில் மைல்ஸ் டேவிஸ், கோல்ட்ரேன், மிங்கஸ் என்று பெயர்கள் மட்டுமே குவிந்தன. இசை பற்றி ஒரு சொல் இல்லை. பெயர்களை அடுக்குவதையே ரசனை என்று நாம் நெடுநாள் நம்பி வந்திருக்கிறோம்.

பிறகு விதியை மாற்றினோம்: ஆளுக்கு ஒரே தொகுப்பு, அதில் எதைக் கேட்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். ஒருவர் 'கின்ஸ்மென்' (2008) ஒலிக்கச் செய்தார். ருத்ரேஷ் மஹந்தப்பா, கத்ரி கோபால்நாத் இருவர் கையிலும் ஆல்டோ சாக்ஸபோன். ஒரே கருவி, இரு மொழிகள். இன்னொருவர் 'தீர்த்தா' (2011) தொகுப்பை எடுத்தார். விஜய் ஐயரின் பியானோ சுரத்தை வளைக்க இயலாதது. பிரசன்னாவின் கிதார் கமகத்தில் குழைவது. "இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் கேளுங்கள்" என்றார். பலமுறை கேட்ட தொகுப்புதான். அந்தத் தூரம் அன்றுதான் எங்கள் செவியில் விழுந்தது.

இம்மலைக்குரிய வல்வில் ஓரியின் கொடையைப் புறநானூற்றின் 153ஆம் பாடலில் வன்பரணர் பாடுகிறார். அவன் அள்ளித் தந்ததில் பாணர் கூட்டம் ஆடலையும் பாடலையும் மறந்தே போயிற்றாம். கைபேசிக்குள் உலகின் இசையெல்லாம் வந்து குவிந்திருக்கும் இக்காலத்தில் நாமும் அப்பாணர்களைப் போலத்தான் ஆகிவிட்டோம். நாம் மறந்தது கேட்பதை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை பட்டியல் வேண்டாம். ஒன்றைச் சொல்லுங்கள், உடனிருந்து கேட்போம்.