மதராஸ் ரெஜிமெண்டின் யானை

எம்மூராகிய ஆத்தங்குடியில் யானையைக் காண விரும்புவோர் கோயிலுக்குச் செல்லவேண்டுவதில்லை. செட்டிநாட்டு மாளிகைகளின் முகப்பிலே திருமகள் வீற்றிருக்க, இருமருங்கும் நின்று நீர் சொரியும் யானைகளைச் சுதையிலும் மரத்திலும் காணலாம். அவை செல்வத்திற்கு அறிகுறி. யாம் ஈண்டுப் பேசப் புகுந்தது வேறோர் யானையைப் பற்றியாம். இந்திய சேனையைச் சார்ந்த மதராஸ் ரெஜிமெண்டார் அணியும் இலச்சினையில், கேடயத்தின்மேல் குறுக்கிட்ட வாள்களோடு நிற்பது அது. அதனை அவர்கள் இன்னும் அணிதல் தகுமோ என்பதே எம் வினா.

இவ்வினா எழுதற்குக் காரணம் உண்டு. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள் கொச்சியில், நம் கடற்படைக் கொடியினின்றும் செயிண்டு ஜார்ஜ் சிலுவை நீக்கப்பெற்று, சிவாஜி மன்னரின் முத்திரையைத் தழுவிய எண்கோணச் சின்னம் ஏற்றப்பெற்றது. கிறிஸ்தவராகிய எம்மை நோக்கி, "சிலுவை போயிற்றே, வருத்தமில்லையோ?" என்று நண்பர் சிலர் வினவினர். வருத்தம் சிறிதுமில்லை. அது கல்வாரிச் சிலுவையன்று. இங்கிலாந்து தேசத்தின் கொடிச் சிலுவை. அதற்கு நெடுநாள் முன்னரே, 1950-இல் நாடு குடியரசானபோது, படைத்தலைவர் தோள்களினின்றும் கிரீடம் அகன்று அசோகச் சிங்கம் அமர்ந்தது. கிரீடமும் சிலுவையும் போக, யானை மட்டும் நிற்பானேன்?

படைக்குச் சின்னம் வேண்டும் என்பது வெள்ளையர் நமக்குக் கற்பித்த பாடமன்று. சேரர்க்குப் பனம்பூவும், பாண்டியர்க்கு வேம்பும், சோழர்க்கு ஆத்தியும் உரியன என்பதைத் தொல்காப்பியப் புறத்திணையியலிற் காண்கிறோம். பகைவர் நெருங்கிப் பொரும் களத்தில் இன்னார் படை இஃது எனத் தெரிதற்பொருட்டே அப்பூக்களைச் சூடினர் என்பதும் ஆண்டே விளங்கும். இற்றைநாள் இலச்சினைக்கும் முதல் வேலை அதுவே. இராசேந்திர சோழனது திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியின் அருகே கயல் இரண்டும் வில்லும் உள்ளன. வென்றவன் பிறர் சின்னத்தை அழியாது தன் முத்திரைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். பாண்டியர்க்கு அது களிப்பளித்திராது!

நிற்க. மதராஸ் யானை பிறந்த இடம் தமிழகமன்று. இன்றைய மகாராஷ்டிர மாநிலத்து ஜால்னா மாவட்டத்தில் அஸ்ஸாயி என்னும் சிற்றூர் உளது. 1803-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஆங்கு ஆர்தர் வெல்லெஸ்லி, சிந்தியா, போன்ஸ்லே என்னும் மராட்டியத் தலைவர் இருவரின் பெருஞ்சேனையை முறியடித்தார். அவர் பக்கத்தே நின்று மடிந்தோருள் ஸ்காத்லாந்தாரும் உளர். மதராஸ் சிப்பாய்களும் உளர். பொருத பட்டாளங்கள் ஊரின் பெயரையும் யானை உருவையும் விருதாகப் பெற்றன. அந்நாளில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் வெல்லெஸ்லியின் தமையனாரே என்பதையும் சொல்லிவைப்போம்.

சிவகங்கைச் சீமையிற் பிறந்த எமக்கு, அதனினும் உறுத்துவது வேறொன்று. அஸ்ஸாயிக்கு இரண்டாண்டு முன்னர், 1801-இல், காளையார்கோயிலைக் கைக்கொண்டது இதே கும்பெனியாரின் மதராஸ் சேனை. அவ்வாண்டு அக்டோபர் 24-ஆம் நாள் மருதிருவர் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பெற்றனர். அங்ஙனமாயின் இவ்யானை நம்மவர்க்கு எதிராக நம்மவர் பெற்ற கூலியன்றோ என்று ஒருவர் கேட்பின், இல்லை என மறுத்தல் எளிதன்று. நம் நாட்டாரையே எதிர்த்துப் பெற்ற போர் விருதுகளைக் கொண்டாடாது நம் சேனையே சுதந்தரத்தின் பின்னர் விலக்கிவைத்தது. அஸ்ஸாயியும் அவற்றுள் ஒன்று.

ஆயினும் யானை நிற்கவேண்டும் என்பதே எம் துணிபு.

காரணம் வேலூரில் இருக்கிறது. யானையைப் பெற்ற மூன்றாம் ஆண்டில் மதராஸ் சிப்பாய்களுக்குத் தோற்சின்னம் தைத்த புதுத் தலைப்பாகையொன்றைச் சூடுமாறு கட்டளை பிறந்தது. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்றும் விதித்தனர். அதனைச் சூடுவோர் கிறிஸ்தவராக்கப்படுவர் என்னும் அச்சமும் பரவிற்று. நம் சமயத்தின் பெயர் ஓர் அதிகாரத்தின் தலைப்பாகையோடு இவ்வாறு கலக்கப்பட்டது நமக்குப் பெருமையன்று. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் சிப்பாய்கள் எழுந்தனர், கோட்டையில் மைசூர்க் கொடியை ஏற்றினர், நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தலையில் எதைச் சூடலாம், எதைச் சூடலாகாது என்பதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர் அவர். கொடுத்ததையெல்லாம் கைகட்டி வாங்கிக்கொண்டவர் என அவரை எண்ணுதல் தவறு.

இன்னும், ஈந்தவரே பிற்காலத்தில் அவ்யானையைக் கைவிட்டனர். தென்னாட்டார் போர்க்குலத்தார் அல்லர் என்னும் கொள்கை தலையெடுக்க, செலவுச் சுருக்கமும் சேர, 1920-களில் மதராஸ் காலாட்பட்டாளங்கள் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர் நெருக்கவே மீண்டும் திரட்டினர். பின்னர் அவ்விலச்சினையை அணிந்தோர் 1948-இல் தித்வாலிலும், 1965-இல் மகாராஜ்கேயிலும், 1971-இல் பசந்தர் ஆற்றங்கரையிலும் எந்த அரசருக்காகவும் பொருதிலர். குடிகளாகிய நமக்காகவே பொருதனர். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது அவர்தம் முழக்கம். இலக்கணம் பயிலும் யாம் அதிற் குறை காணத் துணியோம்.

எம்மூரிற் பூக்கல் செய்வோர் கண்ணாடிமேல் அச்சை வைத்து, அதன் அறைதோறும் வண்ணக் குழம்பை ஊற்றிப் பின் அச்சை எடுத்துவிடுவர். வண்ணமே கல்லில் நிற்கும். யானையின் அச்சு கும்பெனியாருடையதுதான். அதில் ஊற்றியது எவர் குருதி என்பதைப் பார்க்கவேண்டும்.

எனவே யாம் வேண்டுவது ஒன்றே. நீலகிரி வெல்லிங்டனிலுள்ள பயிற்சி நிலையத்தில் ஓர் இளைஞன் இவ்விலச்சினையைப் பெறுங்கால், அஸ்ஸாயியின் வெற்றியோடு காளையார்கோயிலையும் வேலூரையும் அவனுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். நம் பக்கத்து ஊர்களிலிருந்து படைக்குச் செல்லும் பிள்ளைகள் திருப்பத்தூர் வழியே பேருந்தேறுகின்றனர். மருதிருவர் நினைவிடம் அவ்வூரில் இருக்கிறது. அவர்கள் அங்குச் சிறிது நேரம் நின்று செல்லலாம். விடுப்பில் வரும்போது அவ்யானையை அணிந்தே செல்லலாம்.