உறைபனிக் காடும் மறைக்காடும்

மாணவர் பலர் இக்காலத்து விரும்பிப் படிக்கும் கற்பனைக் கதைகளுள் ஒருவகை உண்டு. நாடு அரசியற் கலக்கத்தில் ஆழ்ந்திருக்கும். முறையான மன்னன் மறைந்திருப்பான், அன்றி முறையற்றவன் அரியணையில் வீற்றிருப்பான். அவ்வேளையில் இளைஞன் ஒருவனோ நங்கை ஒருத்தியோ பனி உறைந்த பெருங்காட்டினுள் தனியே விடப்படுவர். பசியும் குளிரும் விலங்கும் மாயக்குரலும் அவர்தம் தகுதியை அளந்து பார்க்கும். வென்றவர்க்கு முடியோ வாளோ கிட்டும். தோற்றவர் பனியிற் புதைவர். நூல்களில் மட்டுமன்று, திரைப்படங்களிலும் கணினியில் ஆடும் ஆட்டங்களிலும் இதே காடு மீண்டும் மீண்டும் தோன்றுகின்றது. சித்திரை வெயிலில் காவிரி மணல் காலைச் சுடும் திருச்சிராப்பள்ளியிலே, விடுதி அறையில் வியர்வை வழிய அமர்ந்து, உறைபனிக் காட்டில் உலவிவரும் நண்பர்களை யாம் கண்டதுண்டு. அவர்களைப் பழித்தற்கு இதனை எழுதினோமல்லேம். யாமும் அக்காட்டில் உலவியவர்களே. எனினும் இக்கதைகளைப் படிக்குங்கால் நாம் வினவாது விடும் வினா ஒன்றுண்டு. சோதிக்கப்படுபவன் தகுதியுடையவனா என்று கதை முழுதும் கேட்கப்படுகின்றது. சோதிப்பவன் தகுதியுடையவனா என்று கேட்பார் யார்?

இவ்வகைக் கதைகளின் மூதாதை எனத்தக்க பழங்கதை ஒன்று ருசிய நாட்டில் வழங்குகின்றது. 1855-ஆம் ஆண்டு தொடங்கி 1863 வரை அஃபனாசியெவ் என்பார் தொகுத்து வெளியிட்ட நாட்டுக் கதைகளுள் அதுவும் ஒன்று. மாற்றாந்தாயின் ஏவலால் தந்தையே தன் மகளைக் கடுங்குளிர் காலத்தில் காட்டிலே ஒரு மரத்தடியில் விட்டு வருகின்றான். மரோஸ்கோ எனும் பனியரசன் அவளை அணுகி, குளிர்கின்றதோ என வினவுகின்றான். உடல் விறைத்து உயிர் ஊசலாடும் அப்பெண், குளிரவில்லை என்று பணிவோடு விடையிறுக்கின்றாள். அவன் குளிரை மிகுவிக்கின்றான். அவளும் மேலும் பணிகின்றாள். ஈற்றில் அவன் மனமிரங்கிப் போர்வையும் செல்வமும் ஈந்து அவளைக் காக்கின்றான். பின்னர் மாற்றாந்தாய் பெற்ற மகள் அதே காட்டில் விடப்படுகின்றாள். அவள் சினந்து கடுஞ்சொற் கூறுகின்றாள், விறைத்து மடிகின்றாள்.

மடிந்தவள் நற்குணத்தாள் என யாம் வாதிடவில்லை. ஆயினும் இச்சோதனை எதனை அளந்தது? குளிர்கின்றபோது குளிரவில்லை என்று வலியோன் முன் சொல்லும் பொறுமையை அளந்தது. சுருங்கச் சொல்லின், இனிய பொய்யை அளந்தது. அளந்தவனுக்கோ அதனால் யாதோர் இழப்புமில்லை. அவள் பிழைத்தாலும் அவன் பனியரசன். மாண்டாலும் அவன் பனியரசனே. கதை கேட்கும் குழந்தை அவனை அறவோன் என்று எண்ணிக்கொண்டு உறங்கச் செல்கின்றது. இது நமக்கு உவப்பாக இல்லை.

நம் நாட்டுக் கானகச் சோதனைகளில் மிகப் பழையதொன்றை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. மகாபாரதத்து ஆரணிய பருவத்தின் இறுதியில், நாடிழந்து காட்டில் உழலும் பாண்டவருள் நால்வர், பொய்கை நீரை விடையிறாது பருகி உயிரற்று வீழ்கின்றனர். யட்சன் கேட்கும் வினாக்களுக்கெல்லாம் உதிட்டிரன் விடை கூறுகின்றான். ஒருவனை மட்டும் எழுப்புவேன், யாரை எழுப்புக என்று யட்சன் கேட்டபோது, வீமனையோ அருச்சுனனையோ வேண்டாது, மாத்திரிக்கும் ஒரு மகன் இருத்தல் வேண்டுமென்று நகுலனை வேண்டுகின்றான். போர் வருமென்று அறிந்த அரசன் கேட்கும் வரமா இது? அவ்விடை கேட்ட யட்சன் நால்வரையும் எழுப்பித் தான் அறக்கடவுளே என்று வெளிப்படுகின்றான். ஈண்டுச் சோதிப்பவன் எதனைக் கேட்கின்றானோ அதுவாகவே இருக்கின்றான். அறத்தைக் கேட்பதற்கு அறத்திற்கு உரிமையுண்டு. விவிலியத்தில் யோபு என்பவரோ ஒருபடி மேற்சென்று, தம்மைச் சோதித்த இறைவனிடமே வழக்குரைக்க முற்படுகின்றார். அவ்வாறு முற்பட்டதற்காக அவர் தள்ளுண்டு போகவில்லை.

இனி, நம் ஊருக்கு அண்மையில் வருவோம். ஸ்ரீரங்கத்துக் கோயிலின் வரலாறு கூறும் கோயிலொழுகு எனும் நூலில் ஒரு சோதனை வருகின்றது. 1323-ஆம் ஆண்டை ஒட்டி டில்லிப் படை தென்னாடு புகுந்தபோது, பிள்ளை லோகாசாரியர் முதலானோர் உற்சவ மூர்த்தியை எடுத்துக்கொண்டு வெளியேறினர். மதுரை நாட்டுச் சோதிஷ்குடியில் அப்பெரியவர் உயிர்நீத்தார். மூர்த்தியோ மலைநாடு, கருநாடு, திருமலைக் காடு என்று ஏறத்தாழ 50 ஆண்டுகள் மறைந்து திரிந்து, விஜயநகரத் தலைவர் கோபணரால் 1371-இல் மீண்டும் ஊர் சேர்ந்தது. அதற்குள் கோயிலில் வேறொரு மூர்த்தி எழுந்தருளியிருந்தது. வந்தது பழைய மூர்த்திதானா என்று ஐயம் எழுந்தது. முன்பு கண்டறிந்தவர் பெரும்பாலும் மாண்டுபோயினர். அப்பொழுது, திருமேனியின் ஆடைகளை முன்னாளில் வெளுத்துவந்த முதிய வண்ணார் ஒருவர் முன்வந்தார். ஈரங்கொல்லி என்பது அத்தொழிலர்க்குக் கோயிலில் வழங்கிய பெயர். அவர் கண்ணொளி இழந்தவர். இரு மூர்த்திகளுக்கும் நீராட்டி, ஈர ஆடையைப் பிழிந்த நீரைப் பருகிப் பார்த்து, இவரே நம்பெருமாள் என்று அவர் துணிந்து உரைத்தாராம். அன்றுதொட்டு அப்பெயரே நிலைத்தது என்பது ஒழுகு கூறும் செய்தி.

சமயக் கருத்தை ஒருபுறம் நிறுத்தி, கதையின் அமைதியை மட்டும் நோக்குக. படையெடுப்பு ஓய்ந்து அரசு மாறிய காலத்தே, ஊரார் அறியாத ஒன்றை அளந்தறியும் பொறுப்பு ஆசாரியருக்கும் கிட்டவில்லை, படைத்தலைவருக்கும் கிட்டவில்லை. நெடுநாள் அருகிருந்து பணிசெய்த கைகளுக்கு அது கிட்டியது. காட்டில் அலைந்து மீண்டது தெய்வத் திருமேனியே ஆயினும், அதன் உண்மையைச் சொல்ல வேண்டியவர் துணி வெளுப்பவர். எத்துணை உறைபனிக் கதைகளைப் புரட்டினாலும் இத்தகைய நடுவர் ஒருவரை யாம் அங்குக் கண்டதில்லை.

காவிரிக்குத் தென்கரையில் உறையூரை நிலைக்களனாகக் கொண்டு எழுந்தது கல்கியின் 'பார்த்திபன் கனவு.' அவர் திருச்சி நேஷனல் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றவர். 1921-இல், இறுதித் தேர்வுக்குச் சில திங்களே இருக்க, காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்றுப் பள்ளியைத் துறந்தார். அடுத்த ஆண்டே சிறை புகுந்தார். (தேர்வு மண்டபத்தைத் துறக்குமாறு மாணவரை ஏவுகின்றோம் என்று ஆசிரியப் பெருமக்கள் எம்மீது சினவற்க.) 1941-இல் தொடங்கிய அக்கதையில், பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்த சோழ மன்னன் பார்த்திபன் போரில் வீழ்கின்றான், மகன் விக்கிரமன் புலிக்கொடி உயர்த்த முயன்று பிடியுண்டு தீவொன்றிற்கு நாடு கடத்தப்படுகின்றான். கரந்து மீள்பவனைக் காட்டு வழியும் கள்வரும் காபாலிகரும் சோதிக்கின்றனர். உடனிருந்து காக்கும் சிவனடியாரோ, படியாதார் எம்மைப் பொறுப்பாராக, அவனை நாடு கடத்திய நரசிம்ம பல்லவ சக்கரவர்த்தியே.

வென்ற பேரரசன் மாறுவேடம் பூண்டு, தோற்றவன் மகனின் வீரத்தை அளந்து பார்த்து, ஈற்றில் விடுதலையைப் பரிசாக ஈவது பனியரசன் போர்வை ஈந்ததினும் எவ்வகையில் உயர்ந்தது? இவ்வினா எமக்கு நெடுநாள் இருந்தது. கல்கியும் இதனை உணர்ந்திருந்தார் என்றே தோன்றுகின்றது. போர்க்களத்தில் உயிர்விடும் பார்த்திபனுக்கு, அவன் மகனை வீர சுதந்திர புருஷனாக வளர்ப்பேன் என்று அச்சிவனடியார் வாக்களிக்கின்றார். ஆகவே விக்கிரமன் தோற்பின் சக்கரவர்த்தியின் வாக்கும் தோற்றுப்போம். சோதிப்பவனும் ஏதோ ஒன்றைப் பணயமாக வைத்துள்ளான். அதனாலேயே நாம் அவனைப் பொறுத்துக்கொள்கின்றோம். எனினும் விடுதலையைத் தகுதிக்குப் பரிசாக ஆக்கியதில் எமக்கு இன்றும் முழு உடன்பாடில்லை. உறையூர்க் குடிகள் எவருக்கும் அக்கதையில் சோதனையும் இல்லை, பரிசும் இல்லை.

குடிகள் சோதிக்கப்பட்ட கதை ஒன்று அதற்குப் பதினோராண்டு முன்னரே இவ்வூரில் மெய்யாகவே தொடங்கியிருந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று, ஸ்ரீரங்கத்தவராகிய டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் திருச்சிக் கண்டோன்மெண்டில் வாழ்ந்த இல்லத்திலிருந்து, ராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்பெடுக்கப் புறப்பட்டனர். சேருமிடம் சுமார் 150 மைல் தொலைவிலுள்ள வேதாரண்யம், தமிழில் திருமறைக்காடு. உறைபனிக் காடு நம் நாட்டில் இல்லை. வெண்பனி போல் உப்பு விளைந்து கிடக்கும் மறைக்காடு உண்டு.

தஞ்சை ஜில்லா கலெக்டராக இருந்த தார்ன் என்பார் ஒரு சூழ்ச்சி செய்தார். தொண்டரைத் தடுத்து அடித்தால் நாடு கொதிக்கும். ஆகவே அவர்க்கு உணவோ உறையுளோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று ஊர்தோறும் அறிவித்தார். ஆறு திங்கள் சிறையும் அபராதமும் காத்திருந்தன. பனியரசன் குளிரைக் கொண்டு செய்ததை இவர் பசியைக் கொண்டு செய்யக் கருதினார். நுணுகி நோக்கின், சோதனை தொண்டர்க்கு அன்று. வழியிலுள்ள தஞ்சைக் குடிகளுக்கே. விருந்தோம்பல் குற்றமாயிற்று. பல தலைமுறையாக வழிப்போக்கருக்குச் சோறிட்டு வந்த ஊரார், இனி அஞ்சி வாளா இருப்பரா, அன்றி எதிர்த்துச் சிறை புகுவரா என்பதே கலெக்டர் எழுப்பிய வினா.

ஊரார் அளித்த விடை அவ்விரண்டனுள் ஒன்றாக மட்டும் இல்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே இடமளித்துச் சிறை சென்றார். வேறு பலரோ சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டுச் சென்றனர். எந்த வீட்டிலும் விருந்து நடைபெறவில்லை. எவரும் எவர்க்கும் பரிமாறவில்லை. மரம் சோறு தந்தது! ஆற்றங்கரையில் தொண்டர் இளைப்பாறிய இடங்களில், உணவு மறைத்து வைக்கப்பட்ட இடத்தைக் காட்டும் குறிகள் கிடந்தன. ருசியக் கதையின் இரு பெண்களும் கண்டறியாத மூன்றாம் விடை இது. குளிரவில்லை என்று பொய்யும் உரைக்கவில்லை. வசை கூறி மடியவும் இல்லை. கட்டினவர் யாவர், எவ்வூரினர், எத்தனை பேர் என்பது ஏட்டில் இல்லை. முடி சூட்டப்படவும் இல்லை. தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியே நடந்து தொண்டர்கள் ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் சேர்ந்தனர். 30-ஆம் நாள் ராஜாஜி உப்பள்ளிச் சிறைப்பட்டார். அவர்க்கு இடமளித்த வேதரத்தினம் பிள்ளையும் சிறை புகுந்து தம் உடைமைகளை இழந்தார். ருக்மிணி லட்சுமிபதி அம்மையாரும் அங்கேயே கைதானார்.

சோதிப்பவனே சோதிக்கப்பட்ட நிகழ்ச்சியும் அவ்வூரில் நடந்தது. வேதாரண்யத்து முடிதிருத்துவோரும் சலவைத் தொழிலாளரும் போலீசாருக்கு ஊழியம் செய்வதில்லை என உறுதி பூண்டிருந்தனர். அவருள் வைரப்பன் என்பவர் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கையில், அவர் சாதாரண உடையில் வந்த போலீஸ்காரர் என்பது தெரியவந்தது. பாதி முகத்தோடு வேலையை நிறுத்தினார். மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோய் நிறுத்தினர். எஞ்சியதை முடித்துவிடு என்று மாஜிஸ்திரேட் கூற, வைரப்பன் தம் கருவிப் பெட்டியை அவர் முன் வைத்து, ஐயா தாங்களே முடித்துவிடுங்கள் என்றாராம். ஆறு திங்கள் சிறை விதிக்கப்பட்டது. இன்று அவ்வூரில் அவருக்கு நினைவுத்தூண் உண்டு. மாஜிஸ்திரேட்டின் பெயரை வினவுவார் இலர்.

இங்ஙனம் எழுதினமையால், பனிக்காட்டுக் கதைகளை மாணவர் கைவிடல் வேண்டும் என்பார் கூட்டத்தில் எம்மைச் சேர்க்க வேண்டா. 1950-இல் சி. எஸ். லூயிஸ் வெளியிட்ட நார்னியாக் கதையில், கொடுங்கோல் சூனியக்காரியால் நூறாண்டாகப் பனி உறைந்த காட்டில் எட்மண்ட் எனும் சிறுவன் இனிப்புப் பண்டத்திற்காக உடன்பிறந்தாரைக் காட்டிக்கொடுக்கின்றான். தோற்றவனுக்கும் அங்கே மீட்சி உண்டு. அத்தகைய கதைகள் இன்னும் பல வருக. யாம் வேண்டுவது, படிக்கும்போது காட்டின் உரிமையாளன் யார், அவன் தோற்றால் அவனுக்கு என்ன ஆகும் என்று ஓரமாகக் குறித்துக்கொண்டு படித்தலேயாம். சோதனை இன்றித் தகுதி எங்ஙனம் விளங்கும் என்று நண்பர் ஒருவர் எம்மை மறுத்தார். பொருந்தும், ஆனால் கலெக்டரின் ஆணையும் அவர்க்கு ஒரு சோதனையாகவே தோன்றியிருக்கும்.

நம் கல்லூரி நாடகக் கழகத்தார் அடுத்த விழாவுக்குப் பனிக்காட்டு நாடகம் ஒன்றை ஆட எண்ணியுள்ளதாகக் கேள்வி. பஞ்சும் வெள்ளைத் துணியும் வாங்கப் பணம் திரட்டி வருகின்றனர். அதனை ஆடுக. உடன் ஒரு சிறு காட்சியாக வைரப்பன் கதையையும் சேர்த்துக்கொள்வாராயின், ஒரு நாற்காலியும் ஒரு கருவிப் பெட்டியுமே போதும். பாதிச் சவரத்தோடு மேடையேற யார் இசைவார் என்பது ஒன்றே இடர். மாஜிஸ்திரேட் வேடத்திற்கு மட்டும் நல்ல நடிகரைத் தெரிந்து வைத்துக்கொள்க.