கண் மருத்துவமும் கம்பியில்லா இணைப்பும்

அனுமந்தன்பட்டியில் திராட்சைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் ஒரு பெரியவருக்குக் கண் மங்கத் தொடங்கினால் என்ன செய்வார்? பெரும்பாலும் ஒன்றும் செய்யமாட்டார்! தேனிக்குப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசு தனி. கூட்டிப் போக ஆள் வேறு வேண்டும். 'வயசானால் அப்படித்தான்' என்று இருந்துவிடுவார்.

இலவச கண் முகாம்கள் இருக்கிறதே என்று கேட்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனை முகாம் நடத்திவந்த கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 1999ல் வெளியான அதன் முடிவுப்படி, கண்ணில் குறை இருந்தவர்களில் 100க்கு 7 பேர்கூட முகாமுக்கு வரவில்லை.

இதற்குப் பிறகுதான் 2004 வாக்கில் 'விஷன் சென்டர்' என்ற சிறு மையங்கள் வந்தன. போடி, சின்னமனூர், ஆண்டிபட்டி போன்ற ஊர்களின் மையங்கள் தேனியிலுள்ள அரவிந்த் மருத்துவமனையோடு இணைக்கப்பட்டன. அனுமந்தன்பட்டிக்காரருக்குத் தேனியை விட சின்னமனூர் எவ்வளவோ பக்கம். அன்று கிராமப்புற இணைய வேகம் வீடியோவுக்குப் போதாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவரின் குழு சாதாரண வைஃபை கருவியையே எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள் பயன்படுத்தச் செய்த வைஃபை, அனுப்பிய தகவலுக்கு உடனே பதில் வராவிட்டால் தொலைந்ததாக நினைத்து மறுபடி அனுப்பும். பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோபுரத்துக்கு இது சரிப்படாது. மென்பொருளை மாற்றி, ஒரே திசையில் அனுப்பும் ஆன்டெனாவைக் கட்டியதும் வேலை முடிந்தது.

எல்லோரும் இந்த ஆன்டெனாவைத்தான் புகழ்ந்தார்கள். உண்மையில் புகழவேண்டியது மையத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை. பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்கு 2 வருடம் பயிற்சி கொடுக்கிறது அரவிந்த். கண்ணை விளக்கு வைத்துப் பார்ப்பதும், படம் எடுத்து அனுப்புவதும், தேனி டாக்டர் திரையில் சொல்வதை நோயாளிக்குப் புரியவைப்பதும் அவர்கள்தான். டாக்டர் சொன்னால் கண்ணாடியும் அங்கேயே கிடைக்கும்.

அதே பெர்க்லி குழு 2008ல் ஒரு கட்டுரை எழுதியது. இணைப்பு அடிக்கடி பழுதானதற்கு முக்கிய காரணம் மோசமான மின்சாரம் என்றது! (ஏறி இறங்கும் கரண்ட்டைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.) பழுது பார்க்க உள்ளூர் ஊழியர்களைப் பழக்கிய பிறகே அது நிலைத்தது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின்னும் கதை மாறவில்லை. சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்கும் கூகுளின் மென்பொருளைத் தாய்லாந்து கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தார்கள். படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தெளிவில்லை என்று அது தள்ளிவிட்டதாக 2020ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. ஆய்வகத்தில் சிறப்பாகச் செய்த மென்பொருள்தான். கிளினிக்கில் வெளிச்சம் சரியில்லை.

மத்திய அரசின் இ-சஞ்சீவனியிலும் இரண்டு வழி உண்டு. ஒன்றில் நோயாளி வீட்டிலிருந்தே டாக்டரை அழைக்கவேண்டும். மற்றதில் சுகாதார நிலைய ஊழியர் இணைத்துக் கொடுப்பார். கண் மங்கிய பாட்டியிடம் போனில் வரும் ஓடிபியைப் படிக்கச் சொன்னால் எப்படி? அரசுப் பணம் இரண்டாவது வழிக்குத்தான் அதிகம் போகவேண்டும். மென்பொருளுக்கு ஒதுக்கும்போதே ஒரு யுபிஎஸ்ஸுக்கும், பயிற்சி பெற்ற ஒரு ஊழியரின் மாதச் சம்பளத்துக்கும் சேர்த்தே ஒதுக்கட்டும்.